மேகம் இறங்கினா பத்தாத கேஸ் கிரில்

பேரிமரம் (கோத்தகிரி):
நாலு ரூம் வச்சு ஹோம்ஸ்டே நடத்துறேன். குளிருக்குக் கறி சுட்டுச் சாப்பிடணும்னு வர்றவங்க கேக்குறாங்களேன்னு மூணு பர்னர் கிரில் வாங்கினேன். மத்தியான வெயில்ல பட்டனை அமுக்கினதும் பத்திக்குது. சாயங்காலம் மேகம் இறங்கினா வெறும் டிக் டிக் சத்தம்தான். நேத்து முப்பது தடவை அமுக்கினேன், கெஸ்ட்டோட பையன் பக்கத்துல நின்னு எண்ணுறான்! பட்டனுக்குப் போடுற பேட்டரி செல் புதுசு. தீக்குச்சி வச்சா பத்துது. கடையில கேட்டா புதுசு வாங்கச் சொல்றாங்க.

ஊட்டிவர்க்கி:
அக்கா, குளிருக்கு சிலிண்டர்ல கேஸ் எழும்பாது. பியூட்டேன் 0 டிகிரி கிட்ட வந்தா ஆவியாகாது. உறைபனி நேரத்துல எங்க வீட்டு அடுப்பும் அழும்.

பழைய ஸ்பேனர் (குன்னூர்):
தம்பி, தீக்குச்சிக்குப் பத்துதுன்னு எழுதியிருக்காங்களே. கேஸ் வருது, பொறிதான் வரலை.

ஓட்டல் அடுப்புங்களோட இருபத்தஞ்சு வருஷம் மல்லுக்கட்டினவன் சொல்றேம்மா. செல்லுல இருக்கறது 1.5 வோல்ட். பட்டனுக்குப் பின்னாடி இருக்குற பெட்டி அதை ஆயிரக்கணக்கான வோல்ட்டா ஏத்துது. அது பர்னர் பக்கத்துல நீட்டிட்டு இருக்குற பொறிக் கம்பியோட நுனியிலிருந்து பர்னருக்குத் தாவணும். கம்பியைச் சுத்தி வெள்ளைப் பீங்கான் இருக்கா? அதுல கறிக்கொழுப்பும் கரியும் படிஞ்சு, மேல நீர்ப்பனி ஈரமும் சேர்ந்தா, மின்சாரம் எதுக்குத் தாவப்போகுது? அந்த அழுக்கு வழியா நழுவி இறங்கிடும். வெயில்ல காய்ஞ்சதும் ஒழுங்கா வேலை செய்யும்.

சிலிண்டரை மூடிட்டு, இருட்டுல கிரில் மூடியைத் திறந்து பட்டனை அமுக்கிப் பாருங்க. நுனியில இல்லாம பீங்கான் உடம்புல நீலமா மின்னுச்சுன்னா அதான் களவாணி. பீங்கானை ஸ்பிரிட் துணியால துடைங்க. கம்பி நுனிக்கு மட்டும் உப்புத்தாள். நுனிக்கும் பர்னருக்கும் ரெண்டு தீக்குச்சி கனம் இடைவெளி போதும். பீங்கான்ல விரிசல் இருந்தா பசை போட்டு ஒட்டாதீங்க, அந்தக் கம்பியையே மாத்தணும்.

முப்பது தடவைன்னு படிச்சதும் வயித்தைக் கலக்கிருச்சு. அந்த நேரமெல்லாம் கேஸ் திறந்துதானே இருந்திருக்கும்? அது காத்தை விட கனம், கிரில் அடியிலயே தங்கும். அஞ்சு செகண்டுல பத்தலைன்னா கேஸை மூடிருங்க. மூடியைத் திறந்தபடியே அஞ்சு நிமிஷம் விட்டுட்டுத்தான் அடுத்த தடவை. பக்கத்துல பையனை நிக்க வைக்காதீங்க.

பேரிமரம்:
அண்ணா, கண்டுபிடிச்சாச்சு! நடு பர்னர் பீங்கான்ல தலைமுடி கனத்துல விரிசல், சரியா அங்கதான் மின்னுது. மத்த ரெண்டையும் துடைச்சு, ரூம்ல இருந்த ஹேர் டிரையரால காய வச்சேன். இன்னைக்கு எதிர் மலையே தெரியாத மேகம், ஆனாலும் ரெண்டும் பத்திக்குச்சு. நடுவுக்குக் கம்பி கோயமுத்தூர்லிருந்து வரணும். ரெக்சின் உறை போட்டுத்தானே வைக்கிறேன், அப்புறம் எப்படி ஈரம்?

பழைய ஸ்பேனர்:
சூடு ஆறுறதுக்குள்ள போர்த்துறீங்களா? உள்ளேயே வேர்த்துக் கொட்டும். நல்லா ஆறவிட்டுப் போடுங்க, கீழ ஒரு சாண் திறந்திருக்கட்டும்.

பேரிமரம்:
சுடச்சுடத்தான் போர்த்திட்டு இருந்தேன்.