கனடாவில் சொந்தக் காரில் கம்பனி வேலை: வரியில் கழிக்கலாமா?

கேள்வி:
நான் சம்பளத்துக்குத்தான் வேலை செய்கிறேன், ஆனால் தினமும் சொந்தக் காரில் வாடிக்கையாளர்களிடம் ஓடவேண்டும், கம்பனி பெற்றோல் காசு தருவதில்லை. வரிக் கணக்கில் காட்டலாமா?

பதில் 1:
காட்டலாம். முதலில் டி2200 படிவத்தில் (வேலைக்குச் சொந்தச் செலவு தேவை என்று முதலாளி உறுதிசெய்வது) முதலாளியின் கையெழுத்தை வாங்குங்கள், அது இல்லாமல் ஒரு சதமும் கழிக்க முடியாது. டி777 என்ற வேலைச் செலவுப் படிவத்தில் கணக்குப் போட்டு, வருமான வரிப் படிவத்தின் 22900ஆம் வரிசையில் எழுதவேண்டும். பெற்றோல், இன்சூரன்ஸ், திருத்த வேலை, கார்க் கடன் வட்டி எல்லாம் சேரும், ஆனால் வேலைக்காக ஓடிய பங்கு மட்டும்: வருடத்தில் 20,000 கிலோமீட்டர் ஓடி, 8,000 வேலைக்கென்றால் 40 சதவீதம்.

பதில் 2:
தம்பி, வீட்டிலிருந்து வழக்கமான வேலையிடத்துக்குப் போய்வருவது சொந்தப் பயணம், அதைச் சேர்க்காதீர்கள். அப்புறம் லாக்புக், அதாவது பயணக் குறிப்பேடு. தேதி, இடம், காரணம், கிலோமீட்டர் எல்லாம் அன்றன்றே எழுதுங்கள். வரி கட்டும் நேரம் ஏப்ரலில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதியதை சிஆர்ஏ (கனடா வருமானவரித் துறை) ஏற்கும் என்று நம்பவே வேண்டாம். பில்களை 6 வருடம் வைத்திருங்கள்.

கேட்டவர்:
சரி அண்ணா. கம்பனி இனிமேல் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கொடுத்தால்?

பதில் 1:
நியாயமான தொகையாக, வரி பிடிக்காமல் தந்தால் அதோடு முடிந்தது, கழிக்க முடியாது. கம்பனி தரும் டி4 சம்பளச் சீட்டில் அதை வருமானமாகக் காட்டினால் கழிக்கலாம். ஜிஎஸ்டி370 படிவத்தையும் பாருங்கள், முதலாளி ஜிஎஸ்டி (விற்பனை வரி) பதிவு உள்ளவர் என்றால், கழிக்கும் செலவுகளில் நீங்கள் கட்டிய ஜிஎஸ்டி அல்லது எச்எஸ்டியில் (சில மாகாணங்களில் அதற்குப் பதிலான விற்பனை வரி) ஒரு பங்கு திரும்பி வரும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.