கீமோ முடிஞ்ச பிறகு அம்மா ரொம்ப டல்லா இருக்காங்க, கவுன்சிலிங் யாராச்சும் போயிருக்கீங்களா?

கடலூர்பொண்ணு:
வணக்கம். நாங்க திருப்பாப்புலியூர். அம்மாவுக்கு மார்புல கேன்சர், ஆபரேஷன் கீமோ ரேடியேஷன் எல்லாம் பாண்டியில முடிஞ்சிடுச்சு, இப்ப கேன்சர் திரும்ப வராம இருக்க தினம் ஒரு டாமாக்ஸிஃபென் மாத்திரை மட்டும்தான். வைத்தியம் நடந்தப்போ தெம்பா இருந்தவங்க இப்பதான் ஒடைஞ்சு போயிட்டாங்க. நடுராத்திரி எழுந்து கூடத்துல உக்காந்து அக்குள்ல தடவித் தடவிப் பாக்குறாங்க. முடி மொளைக்குது, ஆனா தலையில துண்டு இல்லாம வாசலுக்குக்கூட வரமாட்டேங்குறாங்க. கவுன்சிலிங் போலாமான்னு கேட்டா அப்பா "ஊர்ல பைத்தியம்னு பேசுவானுங்க"ன்னு ஒரே சத்தம்.

நெல்லிக்குப்பம்அக்கா:
தங்கச்சி, எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. வைத்தியம் நடக்குறப்ப அடுத்த ஊசி அடுத்த பிளட் டெஸ்ட்னு ஓடிட்டே இருப்போம், யோசிக்க நேரமே இருக்காது, எல்லாம் முடிஞ்சு வீட்ல சும்மா உக்காரும்போதுதான் மறுபடி வந்துடுமோன்னு பயம் புடிக்கும். அதுவும் செக்கப் தேதி கிட்ட வந்தா தூக்கமே போயிடும். "தைரியமா இரு"ன்னு மட்டும் சொல்லாதம்மா, அதைக் கேட்டா அப்புறம் அழக்கூட முடியாது. பக்கத்துல போய் உக்காந்து என்ன பயம்னு கேளு, பதில் வரலன்னாலும் பரவால்ல. பாக்க வந்து "எங்க சித்தியும் இதுலதான் போனாங்க"ன்னு கதை சொல்ற சொந்தக்காரங்கள வாசல்லயே அனுப்பிடு.

வார்டுபாய்_பாண்டி:
கேன்சர் வார்டுல நர்ஸா இருந்தவன் சொல்றேன். வாந்தி வந்தா டாக்டர்கிட்ட சொல்றோம்ல, தூக்கம் இல்ல பயமா இருக்குங்கறதையும் அதே கேன்சர் டாக்டர்கிட்ட சொல்லணும், அவரே எழுதி அனுப்புவார். மனசுக் கஷ்டத்தை 0ல இருந்து 10 வரைக்கும் எவ்வளவுன்னு கேக்குற ஒரு முறை இருக்கு, 4 இல்ல அதுக்கு மேல சொன்னா இன்னும் விசாரிக்கணும்னு அர்த்தம். ரத்தம் கம்மி, தைராய்டு, வலி இதெல்லாமும் ஆளை இப்படி ஆக்கும், அதையும் பாக்கச் சொல்லுங்க. முக்கியமா, மெடிக்கல்ல தூக்க மாத்திரை நீங்களா வாங்காதீங்க. மனச்சோர்வுக்குக் குடுக்குற மாத்திரையில பராக்ஸெடின், ஃப்ளூவாக்ஸெடின் மாதிரி சிலது டாமாக்ஸிஃபென் வேலை செய்யறத குறைச்சிடும், அதனால மனநல டாக்டர்கிட்ட எல்லாச் சீட்டையும் காட்டணும்.

பாண்டி ஜிப்மர் ஆஸ்பத்திரியில கேன்சர், மனநலம் ரெண்டு பிரிவுமே இருக்கு, அப்பாகிட்ட ஆஸ்பத்திரி போறோம்னு சொன்னா பொய்யும் இல்ல :) அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்ல இதுக்குன்னே தனிப் பிரிவு உண்டு. அவசரத்துக்கு டெலி மனஸ்னு அரசாங்க மனநல உதவி எண் 14416, இலவசம், ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். செத்துடலாம்ங்கற மாதிரி பேச்சு வந்தா மட்டும் செக்கப் வரைக்கும் காத்திருக்காதீங்க, அன்னிக்கே கூட்டிட்டுப் போங்க.

சில்வர்பீச்_தம்பி:
எங்க வீட்ல மொதல்ல பாத்த கவுன்சிலர் ஒரு மணி நேரம் அட்வைஸ் பண்ணி அனுப்பினாங்க, அம்மா இனிமே வரமாட்டேன்னுட்டாங்க. வேற ஆள் மாத்தினப்பதான் வாயத் தொறந்தாங்க, அதனால ஒரு தடவையிலயே முடிவு பண்ணாதீங்க. அப்புறம் உங்கப்பா சத்தம் போடறது பயத்துலதான்னு எனக்குத் தோணுது, அவரையும் பேச விடுங்க.

கடலூர்பொண்ணு:
எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். 14416க்கு நானே மொதல்ல பேசிப் பாக்குறேன், அப்பாவைப் பக்கத்துல உக்கார வச்சு ஸ்பீக்கர்ல போட்டு. வர்ற செக்கப்ல டாக்டர்கிட்ட தூக்கத்தப் பத்திச் சொல்லிடுறேன். அக்கா, அந்த சொந்தக்காரங்க மேட்டர், எங்க அத்தைய எப்படி வாசல்ல நிறுத்துறதுன்னுதான் தெரியல 😅