பழைய பாத்ரூம்: கிரவுட் உதிர்கிறது, வெள்ளையாகப் பூக்கிறது. எந்த கிரவுட் போடலாம்? அவசரம்

அறுகோணம்:
வணக்கம். சின்ன பாத்ரூம், பழைய காலத்துப் பாணியிலேயே புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன். தரையில் கறுப்பு வெள்ளை அறுகோண டைல்ஸ், எடுக்க மனசு இல்லை. டைல்ஸ் இடுக்கில் நிரப்பிய கிரவுட் மாவு மாதிரி உதிர்கிறது, மேலே வெள்ளையாகப் பூக்கிறது. துடைத்தால் போகிறது, காய்ந்ததும் மறுபடி வருகிறது. கொத்தனார் இதன் மேலேயே புது டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்கிறார். கையில் இருந்த பணத்தில் பாதி பித்தளைக் குழாய்களுக்கே போய்விட்டது. எந்த கிரவுட் போட்டால் உதிராது? நாளை மறுநாள் வேலைக்கு வருகிறார், சீக்கிரம் சொல்லுங்கள்.

ஈரச்சுவர்:
எந்த இடத்தில் உதிர்கிறது? தரை முழுக்கவா, ஷவருக்குக் கீழே மட்டுமா? தரைத்தளமா, மாடியா? சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? படம் இருந்தால் போடுங்கள்.

கலவைச்சட்டி:
எபாக்சி கிரவுட், சிமென்டுக்குப் பதில் பிசினில் செய்தது. வேறு பேச்சே வேண்டாம். பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு எபாக்சி நிரப்புங்கள். தண்ணீர் உறிஞ்சாது, கறை பிடிக்காது. கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள், டைல்ஸ் மேல் படிந்ததை இறுகுவதற்குள் துடைத்துவிடுங்கள். இறுகிவிட்டால் உளிதான்.

ரசமட்டம்:
இதே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. தேடிப் பார்க்கும் வழக்கம் யாருக்கும் இல்லை. பூப்பது உப்பு. அடியில் தேங்கிய ஈரம் சிமென்டில் இருக்கும் உப்பைக் கரைத்து மேலே கொண்டுவருகிறது, தண்ணீர் ஆவியாகிவிடுகிறது, உப்பு தங்கிவிடுகிறது. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் எந்த கிரவுட் என்று கேட்பது... சரி, விடுங்கள். வாட்டர்ப்ரூஃபிங் இருக்கிறதா? தரை வாட்டம் எவ்வளவு? தண்ணீர் வெளியேறும் ட்ராப் எந்த மூலையில்? முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டிய விஷயங்கள் இவை.

குழாய்மாமா:
பழைய வீடு என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது சுவருக்குள் ஓடும் ஜிஐ பைப்பைத்தான், துத்தநாகம் பூசிய இரும்பு பைப். உள்ளே துரு தின்று ஊசித்துளை விழும், வெளியே ஒன்றும் தெரியாது. ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு வாட்டர் மீட்டரைப் படம் எடுத்து வையுங்கள் தம்பி. காலையில் எண் நகர்ந்திருந்தால் பைப்தான். மீட்டர் இல்லை என்றால் பிளம்பரை வைத்து பிரஷர் டெஸ்ட்.

ஜன்னலோரம்:
எல்லோரும் தரையைத் தோண்டுவதிலேயே இருக்கிறீர்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதா என்று யாராவது கேட்டீர்களா? சின்ன பாத்ரூமில் ஆவி வெளியே போகாவிட்டால் சுவரே வியர்க்கும்.

ரசமட்டம்:
காற்றில் இருக்கும் ஈரம் தரைக்கு அடியிலிருந்து உப்பைத் தூக்கிக்கொண்டு வராது அம்மா.

ஜன்னலோரம்:
நான் தரையைச் சொல்லவில்லை, சுவரைச் சொன்னேன். ஒரு சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒன்றிரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் காற்றின் ஈரம், உள்பக்கம் நனைந்திருந்தால் சுவரின் ஈரம். அப்புறம் பேசுவோம்.

அறுகோணம்:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். முதல் மாடி. ஷவர் பக்கம்தான் அதிகம், ட்ராப்பைச் சுற்றி. வாட்டர்ப்ரூஃபிங் பற்றித் தெரியாது, வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கையறை. அங்கே சுவரின் கீழ்ப்பகுதியில் பெயிண்ட் கொப்பளித்து நிற்கிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா?

ரசமட்டம்:
இருக்குமாவா!

பழங்கதவு:
கொஞ்சம் வேறு விஷயம். பழைய பாணி என்கிறீர்கள், பித்தளைக் குழாய் வாங்கியிருக்கிறீர்கள். கறுப்பு வெள்ளை அறுகோணத் தரை 1910, 1920களின் பாணி. அந்தக் காலத்துக் குளியலறைகளில் நிக்கல் பூச்சுப் போட்ட குழாய்தான் அதிகம். குரோமியம் பூச்சு 1920களின் கடைசியில்தான் பரவலானது. பளபளக்கும் வெறும் பித்தளை அந்தத் தரைக்குச் சேராது.

பித்தளைப்பிரியை:
அவர் ஒழுகலைப் பற்றிக் கேட்டால் நீங்கள் மியூசியம் நடத்துகிறீர்கள். நிக்கல் பூச்சுக்கு அடியில் இருந்ததும் பித்தளைதானே? தேய்ந்த பழைய குழாய்களில் மஞ்சள் எட்டிப் பார்ப்பதைப் பார்த்ததில்லையா? லாக்கர் என்ற வார்னிஷ் பூசாத பித்தளை நாள்பட நிறம் மாறும், அதுதான் அழகு.

பழங்கதவு:
அடியில் இருந்தது பித்தளைதான், மேலே இருந்தது நிக்கல். கண்ணுக்குத் தெரிவது மேலே இருப்பது.

கலவைச்சட்டி:
பித்தளையோ நிக்கலோ, ஓரத்தில் சிலிகான் அடிக்கும்போது வினிகர் வாசனை வருகிற வகையை வாங்காதீர்கள். அதில் வெளியேறும் அமிலம் பித்தளையை அரிக்கும். நியூட்ரல் க்யூர் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

ஈரச்சுவர்:
அறுகோணம், இதற்கு வருவோம். முதலில் குழாய்மாமா சொன்ன மீட்டர் சோதனை, அதற்குக் காசு ஆகாது. எண் அசையவில்லை என்றால் அழுத்தத்தில் இருக்கும் பைப் இல்லை, கழிவுநீர் பக்கமோ தரையோதான். அடுத்து ட்ராப்பின் வாயை ரப்பர் பிளக்கால் அடைத்துவிட்டு, வாசற்படியைத் தாண்டாத அளவுக்கு இரண்டு சென்டிமீட்டர் தண்ணீர் தேக்குங்கள். ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு 24 மணி நேரம் விடுங்கள். கீழ்வீட்டில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், அவர்கள் கூரையில் ஈரம் தெரிந்தால் உடனே திறந்துவிட வேண்டும்.

ஆவியாவதால் கொஞ்சம் குறையும். அதே அளவு தண்ணீரை ஒரு தட்டில் பக்கத்திலேயே வைத்தால் ஒப்பிட்டுக்கொள்ளலாம். தரைத் தண்ணீர் தட்டைவிட நன்றாகக் குறைந்தால் தரை கசிகிறது.

மேலேயே ஒட்டுவது மட்டும் வேண்டாம். அடியில் இருக்கும் ஈரம் அப்படியே இருக்கும், தரை ஏறும், ட்ராப் பள்ளத்தில் போகும், கதவு இடிக்கும்.

கலவைச்சட்டி:
எபாக்சி போட்டால் மேலிருந்து இறங்குவது நிற்குமே?

ஈரச்சுவர்:
இணைப்பில் நிற்கும். ட்ராப்பின் கழுத்தைச் சுற்றி விரிசல் இருந்தால் அங்கே கிரவுட்டுக்கு வேலையே இல்லை. இன்னொன்று, டைல்ஸ் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உறிஞ்சிக் கறுத்தால் அது சிமென்ட் டைல், முதலில் சீலர் பூசாமல் எபாக்சி தொட்டால் கறை நிரந்தரம். ஆசிட்டும் அதில் படக்கூடாது.

அறுகோணம்:
மீட்டர் அசையவில்லை. தண்ணீர் தேக்கியதில் தட்டில் நூல் அளவு, தரையில் விரல் அகலம். ட்ராப் ஜாலியைக் கழற்றினால் சுற்றிலும் விரிசல், ஸ்க்ரூடிரைவர் முனை உள்ளே போகிறது. கொத்தனாரை அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டேன். நன்றி.

ரசமட்டம்:
இதை முதல் நாளே செய்திருக்கலாம். ஷவர் பகுதித் தரையை மட்டுமாவது எடுத்து, புது ட்ராப் வைத்து, அடிக்கு கால் அங்குல வாட்டம் கொடுங்கள். அதற்கு மேல் வாட்டர்ப்ரூஃபிங் இரண்டு கோட், குளிக்கும் பக்கச் சுவரில் ஆறடி வரை ஏற்ற வேண்டும். அது காய்ந்து, மறுபடி தண்ணீர் தேக்கிப் பார்க்காமல் டைல்ஸ் ஒட்ட விடாதீர்கள். படுக்கையறைச் சுவரை இப்போதே பூசாதீர்கள், நன்றாகக் காயட்டும்.

குழாய்மாமா:
பைப் இல்லை என்கிறீர்கள். சரி. ஆனாலும் தரையைத் திறக்கும்போது அந்த ஜிஐ பைப்பை மாற்றிவிடுங்கள் தம்பி.

ஜன்னலோரம்:
பிளாஸ்டிக் தாள் ஒட்டினீர்களா?

பித்தளைப்பிரியை:
எடுக்கும் டைல்ஸைத் தூக்கி எறியாதீர்கள். பிரிக்கும் முன் மேலிருந்து படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் எண் போடுங்கள். தட்டினால் வெற்றொலி வருவது சுலபமாகக் கழன்றுவிடும், அதிலிருந்து ஆரம்பியுங்கள். உடைந்ததற்குப் பதில், வாஷ்பேசினுக்கு அடியில் இருப்பதை எடுத்துப் போடலாம், அங்கே யாரும் பார்க்கமாட்டார்கள்.

பழங்கதவு:
இதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். குழாய் விஷயம் அப்படியேதான் இருக்கிறது.

ஈரச்சுவர்:
அறுகோணம், எத்தனை டைல்ஸ் முழுசாக வந்தது?