புதுப்பிப்பு: மூன்று டெபியன் 12 கணினிகளுக்கு ஒரே பதிவிறக்கம் (தீர்ந்தது)

டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம் உள்ள மூன்று கணினிகளும் ஒரே மென்பொருள் பொதிகளைத் தனித்தனியாக இறக்கி, கைப்பேசியின் அன்றாட டேட்டாவை மதியத்திற்குள் தீர்த்துவிடுகின்றன என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

முதலில், ஒரு கணினியில் பதிவிறக்கம் மட்டும் செய்து, ஆப்ட் (டெபியனில் பொதிகளை இறக்கி நிறுவும் கருவி) சேமித்து வைக்கும் டெப் என்ற பொதிக் கோப்புகளைப் பென்டிரைவில் மற்றவற்றுக்குக் கொண்டுபோனேன். வேலை நடந்தது, ஆனால் ஒவ்வொன்றிலும் நிறுவியுள்ள மென்பொருள்கள் வேறுபடுவதால், விடுபட்ட பொதிகளுக்காக மறுபடியும் இணையத்தை நாட வேண்டியிருந்தது.

கைகொடுத்தது, இறங்கிய பொதிகளைச் சேமித்து மற்ற கணினிகளுக்கு வழங்கும் ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற மென்பொருளை நிறுவச் சொன்ன யோசனைதான். பழைய மேசைக் கணினியில் அதை நிறுவி, மூன்றின் ஆப்ட் அமைப்பிலும் அதன் ஐபி முகவரியையும் 3142 என்ற போர்ட் எண்ணையும் ப்ராக்ஸியாக, அதாவது இணையத்துக்கு முன் இடையில் நிற்கும் கணினியாக, கொடுத்ததும், ஒருமுறை இறங்கிய பொதி மற்றவற்றுக்கு டேட்டா செலவின்றி அதிலிருந்தே வந்தது.

எதிர்பாராதது ஒன்று: மடிக்கணினியில் மட்டும் 403 என்ற அனுமதி மறுப்புப் பிழை வந்தது. பொதிகளை எங்கிருந்து இறக்குவது என்று சொல்லும் அதன் மூலப் பட்டியலில் முகவரிகளை எச்டிடிபிஎஸ் (மறையாக்கப்பட்ட இணைப்பு) என்று நானே முன்பு மாற்றி வைத்திருந்தேன். அவ்வகை இணைப்பை இந்த ப்ராக்ஸி இயல்பு அமைப்பில் அனுமதிப்பதில்லை. எச்டிடிபி என்று திருத்தியதும் சரியாயிற்று. பாதுகாப்பு குறையுமோ என்று தயங்கினேன். ஆனால் பொதிப் பட்டியலின் டிஜிட்டல் கையொப்பத்தையும், அதிலுள்ள ஹாஷ் மதிப்பை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) கொண்டு ஒவ்வொரு பொதியையும் ஆப்ட் தானே சரிபார்த்துக்கொள்கிறது.