பழைய படங்களைச் சீரமைக்கும் வேலைக்குக் கூலி நிர்ணயிக்க உதவி தேவை

மதுரை தெற்கு மாசி வீதிக்கு அருகில், என் தந்தையார் தொடங்கிய படம் கண்ணாடி போடும் கடையை நடத்தி வருகிறேன். படத்தை அச்சிட்டுச் சட்டமும் போட்டு வீட்டுக்கே அனுப்பும் இணையக் கடைகளால், 12-க்கு 18 அங்குல வேலைகள் 3 ஆண்டுகளில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டன. அவர்கள் விற்கும் விலைக்கு எனக்குச் சட்டமும் கண்ணாடியும்கூட வாங்கக் கிடைப்பதில்லை.

தேக்கைக் குறைத்து ஃபைபர் சட்டம் வைத்தேன், கூலியையும் குறைத்தேன். வெளியூருக்குக் கூரியரில் அனுப்பிய 5 படங்களில் 2 உடைந்து திரும்பியதால் அதையும் நிறுத்திவிட்டேன்.

குறையாமல் வருவது பழைய படங்கள் மட்டுமே. சென்ற வாரம் ஓர் அம்மா கொண்டுவந்த திருமணப் படத்தில், ஈரம் இறங்கி மணமகளின் முகம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது; பின்பலகையைச் செல் அரித்திருந்தது. பிரித்தால் முகம் உரிந்துவிடும் என்பதால், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்து, புதுப் பிரதி எடுத்து, கண்ணாடி படத்தைத் தொடாதவாறு ஓரத்தில் அட்டை கொடுத்து அடைத்தேன். ஒன்றரை நாள் ஆயிற்று. இந்தக் கவனிப்பு இணையத்தில் கிடைக்காது என்றே உறுதியாக நம்புகிறேன். ஆனால், சட்டத்தின் அளவைப் பார்த்து அடிக் கணக்கில் கூலி வாங்கியே பழகியதால், 300 ரூபாய்க்கு மேல் கேட்க வாய் வரவில்லை.

இத்தொழிலில் உள்ளவர்கள் இத்தகைய வேலைக்குக் கூலியை எந்தக் கணக்கில் சொல்கிறீர்கள்?