86 பேர் வேலை செய்யும் கம்பெனி: சமவாய்ப்புக் கொள்கையில் என்ன எழுத வேண்டும்?

கேட்டவர்: ஷிஃப்ட்_பி

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் கம்பெனி. ஆபீஸ், ஷாப் ஃப்ளோர் சேர்த்து 86 பேர். மாற்றுத்திறனாளிகளுக்கான சமவாய்ப்புக் கொள்கை எங்கே என்று வாடிக்கையாளரின் ஆடிட்டர் கேட்கிறார். எங்களிடம் இல்லை. நெட்டில் கிடைக்கும் மாதிரியில் கம்பெனி பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தால் போதுமா? தனியாருக்கும் 4% ஒதுக்கீடு உண்டா? அசெம்பிளியில் காது கேளாத இருவர் ஏற்கனவே இருக்கிறார்கள். அக்கவுண்ட்ஸ் வேலைக்குப் பார்வைக் குறைபாடுள்ள ஒருவர் விண்ணப்பித்திருக்கிறார்.

பதில்: லெட்ஜர்67

4% எல்லா நிறுவனத்துக்கும் பொருந்தும். 86 பேருக்குக் கணக்குப் போட்டால் மூன்று பேராவது வேண்டும்.

பதில்: விதிப்புத்தகம்

மேலே சொன்னது தவறு. 4% ஒதுக்கீடு அரசு நிறுவனங்களுக்கு மட்டும்: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 34. தனியாருக்குப் பிரிவு 35. ஊழியர்களில் 5% பேராவது 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ளவர்களாக இருக்கும்படி தனியாருக்கு அரசு ஊக்கச் சலுகை தரலாம் என்கிறதே தவிர, கட்டாயப்படுத்தவில்லை.

கொள்கை விஷயம் அப்படியல்ல. கொள்கை வேண்டும் என்கிற பிரிவு 21 தனியாருக்கும் சேர்த்துத்தான். என்ன எழுத வேண்டும் என்பதை 2017 மத்திய விதிகளில் 8ஆம் விதி சொல்கிறது. 20 பேருக்குக் குறைவாக இருந்தால் செய்து தரும் வசதிகளை மட்டும் எழுதினால் போதும். நீங்கள் 86 பேர், ஆகவே முழுப் பட்டியலும் வேண்டும்: வேலையைச் சரியாகச் செய்ய என்ன வசதி தருவீர்கள், எந்தெந்தப் பணியிடங்கள் பொருந்தும், ஆட்களை எப்படித் தேர்வு செய்வீர்கள் (பயிற்சி, இடமாற்ற முன்னுரிமை, சிறப்பு விடுப்பு எல்லாம் இதில் வரும்), உதவிக் கருவிகளும் தடையற்ற கட்டட வசதியும், கடைசியாக இதையெல்லாம் கவனிக்கும் தொடர்பு அலுவலர் யார் என்பது. கொள்கையை வெப்சைட்டில் போடுங்கள். வெப்சைட் இல்லையென்றால் கேட் அருகே எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டுங்கள். ஒரு நகலை மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இந்தக் கடைசிப் படியில்தான். பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையை ஃபைலில் வையுங்கள், ஆடிட்டர் அதைத்தான் கேட்பார். சட்டத்தை மீறினால் பிரிவு 89படி முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மறுபடியும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை.

9ஆம் விதிப்படி ஒரு பதிவேடும் வேண்டும்: எத்தனை பேர், சேர்ந்த தேதி, பெயர், பாலினம், முகவரி, குறைபாட்டின் தன்மை, செய்யும் வேலை, கொடுத்த வசதி. இதை மஸ்டர் ரோலோடு (வருகைப் பதிவேடு) கட்டி சூப்பர்வைசர் மேஜையில் போடாதீர்கள். பூட்டி வைக்க வேண்டிய விவரம்.

பதில்: ஃப்ளோர்_சேஃப்டி

மாதிரியைக் காப்பியடித்தால் மாட்டிக்கொள்ளும் இடம் பணியிடப் பட்டியல்தான். 'டேட்டா என்ட்ரி, ரிசப்ஷன்' என்று இரண்டு வரி இருக்கும், உங்கள் கம்பெனியில் ரிசப்ஷனே இருக்காது! ஆளை நினைத்து எழுதாமல் வேலையை நினைத்து எழுதுங்கள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நிற்க வேண்டுமா, உட்கார்ந்து செய்யலாமா, இரண்டு கையும் வேண்டுமா, எத்தனை கிலோ தூக்க வேண்டும், சத்தத்தை வைத்து முடிவெடுக்கும் வேலையா என்று குறித்தாலே பட்டியல் தானாக வந்துவிடும். மத்திய அரசு 2021 ஜனவரி 4 அன்று வெளியிட்ட பணியிட அறிவிக்கை இப்படித்தான் உட்காருதல், நிற்றல், குனிதல், தூக்குதல் என்று பிரித்திருக்கிறது. அதன் கட்டங்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

காது கேளாதவர்களுக்கு சைரன் போதாது, பளிச்சிடும் விளக்கும் வேண்டும். ஹாலில் மட்டும் மாட்டினால் டாய்லெட்டிலும் ஸ்டோர் ரூமிலும் இருப்பவருக்குத் தெரியாது, அங்கேயும் மாட்டுங்கள். ஃபோர்க்லிஃப்ட் திரும்பும் மூலையில் குவிகண்ணாடி, தரையில் மஞ்சள் கோடு. இன்னொன்று: சைகை மொழியிலேயே வளர்ந்தவர்களில் பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழிதான். வாட்ஸ்அப்பில் சர்க்குலர் போட்டாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். சம்பளம், விசாரணை மாதிரிப் பேச்சுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கள்.

சாய்தளம் கட்டுவதானால் சரிவு 1:12. வாசலில் மூன்று படி, மொத்தம் 45 செ.மீ. உயரம் என்றால் சாய்தளம் 5.4 மீட்டர் நீளம் வேண்டும். இடம் இல்லை என்று 2 மீட்டரில் கட்டுவார்கள். சக்கர நாற்காலி பின்பக்கம் சாயும். கடைசியில் அது சரக்குத் தள்ளும் பாதையாகிவிடும். கதவு அகலம் 900 மி.மீ., நாற்காலி திரும்ப 1500 மி.மீ. வட்டம்.

மீண்டும் ஷிஃப்ட்_பி

மிக்க நன்றி. அக்கவுண்ட்ஸ் விண்ணப்பதாரரை எப்படிச் சோதிப்பது? 'எங்கள் சாஃப்ட்வேர் ஒத்துவராது' என்று நிராகரிக்கலாமா?

பதில்: திரைவாசி

சோதிக்காமல் நிராகரித்தால் சிக்கல். தேவைக்கேற்ற மாற்றத்தைச் செய்து தர மறுப்பதே பாகுபாடு என்கிறது சட்டத்தின் வரையறை. நிறுவனம் தாங்க முடியாத சுமைக்கு மட்டும் விலக்கு. குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறைவு என்றும் தட்டிக்கழிக்க முடியாது. 2021இல் விகாஸ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கியிருக்கிறது.

முதலில் அவரிடமே கேளுங்கள்: பெரிதாக்கிப் படிப்பவரா, திரைவாசிப்பானில் (திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும் மென்பொருள்) கேட்பவரா? பெரிதாக்குபவருக்கு விண்டோஸில் உள்ள மேக்னிஃபையரும் பெரிய மானிட்டரும் போதலாம். கேட்பவர் என்றால் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். நேர்காணலுக்கு முன்பே உங்கள் அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேரின் வெர்ஷனில் அதை ஓட்டி வவுச்சர் பதிவு, லெட்ஜர், ரிப்போர்ட் மூன்றையும் பாருங்கள். கீபோர்டில் முழுக்க ஓடும் மென்பொருள்கூட திரையில் இருப்பதைப் படித்துக் காட்டாமல் போகலாம். ரிப்போர்ட் படிக்கவில்லையென்றால் எக்செலுக்கு மாற்றிக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். மீதி, ஸ்கேன் செய்த பில்கள். படமாக இருப்பதை எந்த வாசிப்பானும் நேரடியாகப் படிக்காது. வெண்டர்களிடம் எழுத்தாகவே உள்ள பிடிஎஃப் கேளுங்கள். எழுத்துத் தேர்வு வைத்தால் அரசுத் தேர்வுகளில் உள்ளபடி மணிக்கு 20 நிமிடம் கூடுதலாகக் கொடுங்கள்.

சம்பளப் பிரிவுக்கும் ஒரு வார்த்தை: இஎஸ்ஐ-க்கு (தொழிலாளர் அரசு காப்பீடு) மாதச் சம்பள உச்சவரம்பு மற்றவர்களுக்கு 21,000, மாற்றுத்திறனாளிக்கு 25,000. மென்பொருளில் இதை மாற்றாமல் விட்டு, 22,000 வாங்குபவரை இஎஸ்ஐ-யிலிருந்து தூக்கிவிடுகிறார்கள்.

பதில்: விதிப்புத்தகம்

விட்டுப்போன ஒன்று. எழுதும்போதே திருநர்களுக்கான கொள்கையையும் சேர்த்துவிடுங்கள். 2019 சட்டத்தின் கீழ் 2020இல் வந்த விதிகள் அதையும் எல்லா நிறுவனத்துக்கும் கேட்கின்றன: கழிப்பறை, பாதுகாப்பு, பாலின விவரத்தின் ரகசியம், புகார் அலுவலர். பெண்களுக்குச் சம ஊதியம் 1976லிருந்தே சட்டம். இப்போது 2019 ஊதியச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ இருப்பதால் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகக் குழுவும் இருந்தாக வேண்டும்.

சாதி, மதம் பற்றித் தனியார் வேலைக்கென்று இப்படி ஒரு பொதுச் சட்டம் கிடையாது. அதனால் அந்தப் பத்தியை அழகாக எழுதிவிட்டு விண்ணப்பப் படிவத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். 'சொந்த ஊர்', 'அப்பா என்ன வேலை', 'யார் சிபாரிசு' என்ற மூன்று கட்டங்கள் எதற்கு இருக்கின்றன என்று எல்லோருக்கும் தெரியும். முதல் சுற்றுப் படிவத்திலிருந்து அவற்றை எடுத்துவிட்டு, தேவையானதை வேலைக்குச் சேர்த்த பிறகு வாங்குங்கள்.