கத்தவில்லை என்றால் சம்மதமா? வேலூர்க்காரர்கள் உதவுங்கள்

சித்தி மகளுக்கு 23 வயது. மூன்று வாரத்துக்கு முன் குடியாத்தத்தில், தெரிந்தவன் ஒருவன் அவளை வன்புணர்வு செய்தான். பயத்தில் உறைந்துபோய்விட்டாள். வீட்டிலோ, "கத்தவே இல்லையே, அப்போ சம்மதம்தானே?" என்கிறார்கள். (எனக்கு வந்த கோபத்தை விடுங்கள்.) எதிர்க்கவில்லை என்பதாலேயே அது சம்மதம் ஆகிவிடாது என்று பாரதிய நியாய சன்ஹிதா (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த குற்றவியல் சட்டம்) 63-வது பிரிவே சொல்கிறது. படித்தும் காட்டினேன்.

181 பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசினோம். மருத்துவப் பரிசோதனையும் ஆனது. காட்பாடிப் பக்கம் ஒரு காவல் நிலையத்துக்குப் போனால், "சம்பவம் நடந்த ஊருக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். சம்பவம் எந்த ஊரில் நடந்தாலும், எந்தக் காவல் நிலையத்திலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடலாமே என்றேன், பதில் இல்லை. குடியாத்தம் என்றாலே அவளுக்கு நடுக்கம். சரி, எஸ்.பி.க்குத் தபாலில் புகார் அனுப்பப் போகிறோம்.

சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் இலவச சட்ட உதவி கேட்டால், கூடவே வர ஒரு பெண் வழக்கறிஞர் கிடைப்பாரா?